லட்லோவா, சர்ச் ஸ்ட்ரெட்டனா, கிளன் பள்ளத்தாக்கா? இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் வீடு தேர்ந்தெடுப்பது

வீட்டில் கார் ஓட்டாதவர் யார்? இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸை ஒட்டிய தெற்கு ஷ்ராப்ஷயரில் வீடு பார்க்கக் கிளம்புமுன் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்சுவர், வாசலில் ரோஜாக் கொடி, ஜன்னலைத் திறந்தால் ஆட்டுமந்தை என்று வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே ஒருவர் நிம்மதியாக இருப்பாரா, அடைபட்டுக் கிடப்பாரா என்பதை இந்த ஒரு விஷயம்தான் முடிவுசெய்கிறது.

ஷ்ரூஸ்பரி, ஹெரஃபோர்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களும், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களும் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள மலைப்பகுதியை விரும்பக் காரணம் இருக்கிறது. இயற்கை அழகுக்காக 1958 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் நிலம் இது. ஏ49 சாலையும் ரயில்பாதையும் வடக்கு தெற்காக அடுத்தடுத்தே ஓடுகின்றன. லட்லோ, கிரேவன் ஆம்ஸ், சர்ச் ஸ்ட்ரெட்டன் மூன்றும் அந்தப் பாதையின் மேலேயே இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே விலகினால் கிளன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆங்கிலக் கிராமம் என்றதும் மனத்தில் வருகிற படம் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்கைப் போன்ற இடம்தான். அந்தப் படத்தில் எண்ணெய்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் இருப்பதில்லை. முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள் அங்கேதான் இருக்கின்றன.

வண்டியும் தூரமும்

லட்லோ ஒரு பழைய சந்தை நகரம். கோட்டைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் திங்கள், புதன், வெள்ளி, சனி நாட்களில் திறந்தவெளிச் சந்தை கூடும். பெரிய சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை, ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர், உயர்நிலைப் பள்ளி, ரயில் நிலையம் எல்லாம் நடக்கிற தூரத்தில். ரயிலில் ஹெரஃபோர்டு ஏறத்தாழ 25 நிமிடம், ஷ்ரூஸ்பரி அரை மணி நேரம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹெரஃபோர்டில் மாவட்ட மருத்துவமனை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. ஷ்ரூஸ்பரியின் மருத்துவமனையோ ஊரின் மேற்கு ஓரத்தில். நிலையத்தில் இறங்கி மறுபடி பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். எனவே லட்லோவில் குடியிருந்து ஹெரஃபோர்டில் வேலை பார்ப்பது கார் இல்லாமலும் ஓரளவு நடக்கிற காரியம். லட்லோவிலிருந்து ஷ்ரூஸ்பரி வேலைக்கு அப்படிச் சொல்ல முடியாது. முதல் ரயில் உங்கள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் போய்ச் சேருகிறதா, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்ற இரண்டையும் அட்டவணையில் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கணக்கை நம்ப வேண்டும்.

ஷ்ரூஸ்பரியில் வேலை என்றால் சர்ச் ஸ்ட்ரெட்டன் பொருத்தமானது. சாலையில் 13 மைல், ரயிலில் கால் மணி நேரத்தை ஒட்டி. லாங் மிண்ட் மலை ஊரின் தோளில் சாய்ந்திருக்கிறது. வாசலிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் மேய்ச்சல் நிலத்தின் நடுவே நிற்கலாம். வீட்டு விலையிலும் அது தெரியும். ஓய்வுபெற்றவர்கள் விரும்பி வருகிற ஊர் என்பதால் வாடகை வீடு குறைவாகவே காலியாகும். மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய வீடுகளில் டிசம்பரில் வெயில் பிற்பகலிலேயே மறைந்துவிடும். வீடு பார்க்கப் போகும்போது திசைகாட்டியை எடுத்துப்போவது வீண் வேலை அல்ல. அழகை விட்டுக்கொடுக்கத் தயாரென்றால் தெற்கே கிரேவன் ஆம்ஸ் இருக்கிறது. ரயில் சந்திப்பைச் சுற்றி வளர்ந்த சாதாரண ஊர்; கடையும் நிலையமும் உண்டு, விலையும் குறைவு. அதை யாரும் படம்பிடித்து அட்டையில் போடுவதில்லை என்பதாலேயே ஒதுக்கிவிடாதீர்கள்.

கிளன் பள்ளத்தாக்கில் கதை வேறு. கிரேவன் ஆம்ஸிலிருந்து கிளன் ஊருக்கு 9 மைல் இருக்கும். நடுவிலும் பக்கத்திலும் உள்ள குக்கிராமங்களில் சில வீடுகள், ஒரு தேவாலயம், சிலவற்றில் ஒரு பப். ப்ரூம், ஹாப்டன் ஹீத் என்று சின்ன ரயில் நிறுத்தங்கள் உண்டு. ஆனால் அந்தக் கிளைப்பாதையில் ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பஸ் தினமும் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். சில கிராமங்களுக்கு வாரத்தில் சில நாட்கள்தான். 2025 ஜனவரி முதல் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு என்ற உச்சவரம்பு இருப்பது நல்ல செய்தி. இல்லாத பஸ்ஸுக்கு அது உதவாது. அரை லிட்டர் பால் தீர்ந்துபோனாலும் வண்டியை எடுக்க வேண்டும். ஆக, இங்கே ஒரு குடும்பத்துக்கு இரண்டு கார், இரண்டு ஓட்டுநர் என்பதை வாடகையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தியா, இலங்கை உரிமத்தை வைத்து, குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே ஓட்டலாம். பலர் பத்தாவது மாதம்வரை பொறுத்திருந்து மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். பன்னிரண்டாவது மாதம் கடந்ததும் நேற்றுவரை தனியாக ஓட்டியவர் எல் பலகை மாட்டி, பக்கத்தில் உரிமமுள்ள ஒருவரை உட்காரவைத்துத்தான் ஓட்ட முடியும். வந்த முதல் வாரமே பழகுநருக்கான தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்து, இரண்டாம் மாதத்துக்குள் எழுத்துத் தேர்வை முடித்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் தேர்வானால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். மலைச் சாலையில் அது குறையல்ல.

லேன் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் ஒற்றை வண்டிச் சாலையைத் தனியாகப் பழக வேண்டும். இருபுறமும் ஆளுயர உயிர்வேலி, நடுவில் புல், எதிரே டிராக்டர். சட்டப்படி வேக வரம்பு 60 மைல் என்று இருக்கும். வளைவில் 20 மைலே அதிகம். ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழையுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே நின்று எதிர் வண்டியை அதற்குள் போகவிடுங்கள். மேட்டில் ஏறி வருகிறவருக்கு வழிவிடுவது முறை. குதிரையைக் கடக்கும்போது 10 மைல் வேகத்துக்கு மேல் போகாமல் 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னோக்கி நூறு மீட்டர் நேராக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் ஒருவரை மதிப்பது அதை வைத்துத்தான். உறைபனி நாட்களில் கவுன்சில் வண்டி உப்பு தூவுவது முக்கியச் சாலைகளில் மட்டும். இரவுப் பணி முடித்துக் காலையில் திரும்புகிறவருக்கு அந்தக் கடைசி 2 மைல்தான் ஆபத்தானது.

எண்ணெய், கழிவுநீர், ஒரே ஒரு மின்கம்பி

லட்லோவிலும் சர்ச் ஸ்ட்ரெட்டனிலும் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் எரிவாயுவும் பாதாளச் சாக்கடையும் உண்டு. பள்ளத்தாக்கின் குக்கிராமங்களில் இரண்டும் இருக்காது. ஊர் வீட்டுக்கும் பள்ளத்தாக்கு வீட்டுக்கும் மாதச் செலவிலும் மன உளைச்சலிலும் வித்தியாசம் வருவது இந்த இடத்தில்தான். ஆனால் வீட்டு விளம்பரங்களில் இது கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கும்.

எரிவாயு இல்லாத வீட்டில், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் பாய்லர் மண்ணெண்ணெயில் ஓடும். தோட்டத்தில் 1000 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி நிற்கும். தடித்த கல்சுவர் வைத்த மூன்று படுக்கையறை வீட்டுக்கு ஆண்டுக்கு 1500 முதல் 2500 லிட்டர் வரை போகும். பெரும்பாலான விற்பனையாளர்கள் 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். காசை மொத்தமாகத் தர வேண்டும். எரிவாயுக்கும் மின்சாரத்துக்கும் அரசு அமைப்பு விதிக்கிற விலை உச்சவரம்பு இந்த எண்ணெய்க்குக் கிடையாது. குளிர் அதிகமானால் விலை ஏறும், வண்டி வர இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். அதனால் கோடையின் கடைசியில் தொட்டியை நிரப்பிவிடுவது பழக்கம். பல கிராமங்களில் அண்டை வீட்டார் சேர்ந்து ஒன்றாக ஆர்டர் கொடுத்து விலையைக் குறைக்கிறார்கள். குடிபோன முதல் வாரமே அதில் பெயர் கொடுங்கள். லேன் குறுகலாக இருந்தால் சின்ன டேங்கர் வேண்டும் என்று ஆர்டரிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வாசல்வரை வராமல் திரும்பிவிடும்.

தொட்டி காலியாகவே கூடாது. அடியில் தங்கிய கசடு குழாய்க்குள் போய் வடிகட்டியை அடைக்கும். குழாயில் காற்று நுழைந்தால் எண்ணெய் ஊற்றிய பிறகும் பாய்லர் பிடிக்காது, ஆள் வந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஜனவரியில் அந்த ஆள் கிடைக்க நாலு நாள் ஆனால் வீட்டில் நாலு நாள் குளிர். கால் பங்கு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது தொட்டியைச் சுற்றி நடந்து பாருங்கள். இரட்டைச் சுவர்த் தொட்டியா ஒற்றைச் சுவரா? கீழே எரியாத, சமமான தளம் தொட்டியைவிட எல்லாப் பக்கமும் 300 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறதா? வீட்டுச் சுவரிலிருந்து 1.8 மீட்டர், எல்லை வேலியிலிருந்து 760 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் தீத்தடுப்புச் சுவர் வேண்டும். வெயிலில் வெளுத்து மயிரிழை விரிசல் விட்ட பழைய தொட்டி ஒருநாள் மண்ணுக்குள் எண்ணெயை விடும். மண்ணைத் தோண்டி அகற்றுகிற செலவு புதுத் தொட்டியின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

அடுத்தது செப்டிக் டேங்க். நான்கு பேர் வரையுள்ள வீட்டுக்குக் குறைந்தது 2700 லிட்டர், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 180 லிட்டர் என்பது கட்டட விதியின் கணக்கு. கெட்டியானது அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் நிலத்தடிக் குழாய்கள் வழியாக மண்ணில் வடியும். ஓடைக்குள் நேராக விடுகிற பழைய டேங்க்குகளை 2020 ஜனவரி 1-க்குள் மாற்றியிருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். மாற்றாமல் விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாற்றுச் செலவு ஆயிரக்கணக்கான பவுண்டு என்பதால், வழக்கறிஞர் வழியாக எழுத்தில் பதில் வாங்காமல் விலை பேசாதீர்கள்.

நம் சமையலுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பொரித்த எண்ணெய், தாளித்த சட்டியின் பசை, குழம்பின் மேலாடை எல்லாம் சிங்க்கில் போனால் டேங்க்கில் மிதக்கும் அடுக்கு தடித்து, வடிகுழாய்களுக்குள் நுழைந்து மண்ணின் துளைகளை அடைக்கும். அடைபட்ட வடிநிலத்தைச் சுத்தப்படுத்த முடியாது. வேறு இடத்தில் புதிதாகத் தோண்ட வேண்டும். சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்; ஆறிய எண்ணெயை ஜாடியில் ஊற்றி வையுங்கள். ஈரத் துடைப்பான்களை, உறையில் என்ன எழுதியிருந்தாலும், கழிப்பறையில் போடாதீர்கள். ப்ளீச் அதிகம் ஊற்றினால் கழிவைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் சாகும். ஒரே நாளில் ஆறு தடவை வாஷிங் மெஷின் ஓட்டினால் படிந்ததைக் கலக்கி வெளியே தள்ளும். வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை டேங்கரை வரவழைத்துக் காலிசெய்ய வேண்டும். கழிப்பறையில் களகள சத்தம், தோட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகச் செழிப்பது, இந்த இரண்டும் முதல் அறிகுறிகள்.

சில வீடுகளில் தண்ணீர்கூட ஊற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வரும். வடிகட்டியும் புற ஊதா விளக்கும் இருக்கும்; விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஏனெனில் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும்போதே கிருமி கொல்லும் வலு குறைந்திருக்கும். கடைசியாகச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள்.

இவை ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது முதல் புயலில் தெரியும். வயல் வழியே வருகிற ஒரே மின்கம்பி அறுந்தால் விளக்கு மட்டும் அணைவதில்லை. எண்ணெய் பாய்லரின் பம்ப் நிற்கும், கிணற்று மோட்டார் நிற்கும், இணையம் போகும், இணையம் வழியாக ஓடும் வீட்டுத் தொலைபேசியும் போகும். 2027 ஜனவரிக்குள் பழைய செப்புக்கம்பித் தொலைபேசியை நிறுத்திவிடத் திட்டமிட்டிருப்பதால் இது எல்லாருக்கும் வரப்போகிற நிலை. கைபேசிச் சிக்னலும் இல்லாத பள்ளமென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவே வழியில்லை. விறகு அடுப்பு ஒன்று, நிரப்பிய தண்ணீர்க் கேன்கள், ரூட்டருக்கு ஒரு பேட்டரி மூன்றும் பள்ளத்தாக்கு வீட்டின் அடிப்படைச் சாமான்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், புகைபோக்கியை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு நாள்கூட எரிக்கக் கூடாது. மின்தடைக்கு அழைக்க வேண்டிய எண் 105. கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பதிந்துவிடுங்கள், இலவசம்தான்.

இணைய வேகத்தை விளம்பரத்தை வைத்து நம்பாதீர்கள். கிராமத்தில் ஒரே போஸ்ட்கோடு ஒரு மைல் பரப்பில் சிதறிய வீடுகளுக்குப் பொருந்தும். அதில் ஒன்றுக்கு ஃபைபர் இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. அந்தக் குறிப்பிட்ட வீட்டின் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். செப்புக்கம்பி வழி இணையம் தெருப்பெட்டியிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் 10 மெகாபிட்டுக்குக் கீழே விழும்.

அமைதி என்பதில் என்னென்ன சத்தம்

மூன்று இடங்களிலும் இரவு இரவாக இருக்கும். ஆனால் சத்தமே இல்லாத இடம் எதுவும் இல்லை. சர்ச் ஸ்ட்ரெட்டன் பள்ளத்தில் ஏ49-இன் இரைச்சலும் சரக்கு ரயிலும் மலையில் பட்டுத் திரும்பும். குக்கிராமத்தில் ஆகஸ்டில் அறுவடை இயந்திரம் நள்ளிரவு தாண்டியும் ஓடும், தானியம் உலர்த்தும் விசிறி வாரக்கணக்கில் உறுமும், அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவை வேட்டைத் துப்பாக்கி கேட்கும். ஷ்ரூஸ்பரிக்கு வடக்கே ஷாபரி விமானப்படைத் தளத்தில் ஹெலிகாப்டர் பயிற்சி நடப்பதால் மலைகளுக்கு மேல் தாழப் பறப்பவையும் உண்டு. சாணம் தெளிக்கிற வாரத்தில் துணி வெளியே காயப்போட முடியாது. இவையெல்லாம் விவசாயம் நடக்கிற ஊரின் இயல்பு; புகார் கொடுத்தால் நிற்காது, புகார் கொடுத்தவர் என்ற பெயர்தான் நிற்கும்.

உண்மையில் பலரையும் அசைப்பது இருட்டு. டிசம்பர் கடைசியில் காலை எட்டே காலுக்கு விடிந்து மாலை நான்குக்கெல்லாம் இருட்டிவிடும். லட்லோவில் தெருவிளக்கும் கடை வெளிச்சமும் இருக்கும். லேனில் ஒரு விளக்கும் கிடையாது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறவருக்கு அந்த எட்டு வாரம் கடினமானது. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜூனில் இதே இடத்தில் இரவு பத்து மணிவரை மேற்கு வானம் வெளுத்திருக்கும். அதற்காகவே இங்கே வேர்விட்டவர்கள் உண்டு.

அக்கம்பக்கம்

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஷ்ராப்ஷயரில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர்கள். குக்கிராமத்தில் நீங்கள் ஒரே தமிழ்க் குடும்பமாக, ஒருவேளை ஒரே வெளிநாட்டுக் குடும்பமாக இருப்பீர்கள். எல்லாருக்கும் உங்களைத் தெரிந்திருக்கும். உங்களுக்கு அவர்களைத் தெரிய நாளாகும். காத்திருக்க வேண்டாம். குடிபோன வாரமே இருபக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிப் பெயர் சொல்லுங்கள். லேனில் எதிர்ப்படுகிற ஒவ்வொரு வண்டிக்கும் விரலை உயர்த்துங்கள். திறந்திருந்த பண்ணைக் கதவைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள். தேவாலய விழாவோ, கிராம மண்டபத்தில் நடக்கிற காலைக் காப்பியோ மதம் பார்த்து நடப்பதில்லை. ஒரு தட்டு வடையோடு போனால் அடுத்த மாதம் உங்களைத் தேடுவார்கள். பனியில் கார் சறுக்கி நின்றால் டிராக்டரோடு வருவது இந்த மனிதர்கள்தான். பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள் பலவற்றில் இப்போது, நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவி வைத்திருக்கிறார்கள்; உங்கள் ஊரில் அது எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் ஆம்புலன்ஸ் தூரத்திலிருந்து வர வேண்டும்.

லட்லோவில் பழக்கம் வேறு வகை. சந்தையில் ஒரே கடைக்காரரிடம் மூன்று மாதம் காய் வாங்கினால் போதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒதுங்கி இருக்க விரும்பினால் ஒதுங்கியும் இருக்கலாம்.

இட்லி அரிசி, கறிவேப்பிலை, உறைந்த மீன் எல்லாம் பர்மிங்ஹாமில் மாதம் ஒரு தடவை வாங்கிப் பெரிய ஃப்ரீசரில் வைப்பதுதான் மூன்று இடத்துக்கும் வழி. பர்மிங்ஹாம் பக்கத்து டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போகிற நாளோடு சேர்த்துக்கொள்ளலாம். கல்வீட்டுச் சமையலறை 15 டிகிரியில் இருக்கும், மாவு பொங்காது. வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரிக்குள் வைத்தால் பொங்கும்.

பள்ளி பற்றி ஒரு வார்த்தை: 8 வயதுக்குக் கீழே 2 மைல், அதற்கு மேல் 3 மைல் தாண்டி அருகிலுள்ள தகுந்த பள்ளி இருந்தால் 16 வயதுவரை கவுன்சில் இலவச வண்டி தரும். அதன் பிறகான படிப்புக்கு அந்த உரிமை கிடையாது, பெற்றோர் ஓட்ட வேண்டும்.

எதை எடுப்பது

கார் ஓட்டாத ஒருவர் பகலில் வீட்டில் இருப்பாரென்றால், அல்லது ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்குவார்களென்றால், லட்லோ. ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நடைக்குள் பாருங்கள். ஆற்றங்கரை வீடு வேண்டாம். 2007 ஜூன் வெள்ளத்தில் கார்வ் ஆற்றுப் பாலம் ஒன்று இடிந்து விழுந்த ஊர் இது. அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் முகவரியைப் பார்த்துவிடுங்கள். ஷ்ரூஸ்பரி வேலையும் மலைமேல் ஆசையும் இருந்தால் சர்ச் ஸ்ட்ரெட்டன், கை கடித்தால் கிரேவன் ஆம்ஸ். கிளன் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்வதானால், இருவரும் ஓட்டுவார்கள், ஒருவருக்காவது வீட்டிலிருந்து வேலை, அந்த முகவரிக்கு ஃபைபர் உண்டு என்ற மூன்றும் சேர்ந்தால் இந்த மூன்றில் சிறந்த வாழ்க்கை அங்கேதான். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

எதுவானாலும் வாங்குமுன் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருங்கள். வாங்கும் கட்டத்தில், வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியின்றி ஜன்னல் மாற்றுவதுகூடக் குற்றமாகும். விவசாயத் தொழிலாளர் மட்டுமே குடியிருக்கலாம் என்ற நிபந்தனை சில வீடுகளில் உண்டு, விலை மலிவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தோட்டத்தின் நடுவே பொது நடைபாதை போகிறதா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள்.

முன்பணம் கட்டுமுன், நவம்பரிலோ ஜனவரியிலோ ஒரு வேலை நாளில், கார் ஓட்டாதவரை அந்த வீட்டு வாசலில் காலையில் இறக்கிவிடுங்கள். அவர் தனியாக நடந்தோ பஸ்ஸிலோ போய், ஒரு மருந்தும் இரண்டு பை காய்கறியும் வாங்கிக்கொண்டு, இருட்டுமுன் அதே வாசலுக்குத் திரும்பி வரட்டும். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்று குறித்துக்கொண்டு, பிறகு வாடகையைப் பேசுங்கள்.